சந்தையில் படித்த டொச்



எமது புலம்பெயர் வரலாற்றை எழுத வருபவர்கள் விமான நிலையங்களைப் பற்றியும் நீதிமன்றங்களைப் பற்றியும் நிறைய எழுதுகிறார்கள். மரக்கறிச் சந்தையைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு. ஆகவே இந்த மாதப் பேச்சுக்கு நான் அதையே எடுத்துக்கொண்டேன். 1980களில் மேற்கு ஜேர்மனிக்குப் போய்ச் சேர்ந்த எங்கள் ஆட்கள், வகுப்பும் இல்லாமல் வேலையும் இல்லாமல், சந்தைக்குப் போய்ப் போயே டொச் பழகிய கதை இது. ஜேர்மன் மொழியை எங்கள் சனம் டொச் என்றுதான் சொல்லும். நானும் அப்படியே சொல்கிறேன்.

லண்டன் வானொலியில் ஜேர்மனிக் கதை எதற்கு என்று சிலர் கேட்கலாம். வெம்பிளி, ஹரோ, ஈஸ்ட்ஹாம், டூட்டிங் பக்கங்களில் உள்ள எங்கள் கடைகளில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். தாயும் மகளும் விலையைப் பற்றி டொச்சில் குசுகுசுப்பது காதில் விழும். ஜேர்மனியில் பதினைந்து, இருபது வருடம் இருந்து, குடியுரிமை எடுத்து, பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காகவும் உறவினர்களுக்குக் கிட்ட இருப்பதற்காகவும் 1990களின் கடைசியிலும் 2000களிலும் இங்கே வந்த குடும்பங்கள் அவை. கணக்காளர் என்ற முறையில் அவர்களில் பலருடைய பத்திரங்கள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. கணக்குப் பார்த்து முடிந்த பிறகு பேச்சு எப்படியும் அந்தப் பழைய காலத்துக்குப் போய்விடும்.

முதலில் அவர்கள் போன வழி. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ஐரோப்பாவுக்குப் போக வழி தேடியவர்களுக்குக் கிழக்குப் பேர்லினின் ஷோனபெல்ட் விமான நிலையம் ஒரு வாசலாக இருந்தது. மொஸ்கோ வழியாக அங்கே இறங்கி, பிரீட்றிக்ஸ்றாச நிலையத்தில் ரயில் ஏறினால் மேற்குப் பேர்லின். பேர்லினைப் பிரித்த கோட்டை நாட்டு எல்லையாக மேற்குத் தரப்பு ஏற்றுக்கொள்ளாதபடியால் அந்தப் பக்கத்தில் கடவுச்சீட்டுச் சோதனை இருக்கவில்லை. 1985இல் மட்டும் இலங்கையர் சுமார் 17,000 பேர் மேற்கு ஜேர்மனியில் அகதி விண்ணப்பம் கொடுத்தார்கள். அதே ஆண்டு நடுப்பகுதியில், மேற்கு ஜேர்மன் விசா இல்லாத தமிழரை இனி அந்த வழியால் விடுவதில்லை என்று கிழக்கு ஜேர்மனி ஒப்புக்கொண்டது.

போய்ச் சேர்ந்தவர்களைச் சட்டம் எப்படி நடத்தியது? 1982ஆம் ஆண்டின் அகதி நடைமுறைச் சட்டம் அவர்களைப் பொது விடுதிகளில் தங்கவைத்தது. தமக்குக் குறித்த மாவட்டத்தை விட்டு அனுமதியில்லாமல் வெளியே போகக் கூடாது. வேலை செய்வதற்கான தடை 1980இல் ஓராண்டாகத் தொடங்கி, இரண்டு ஆண்டாகி, 1987இல் ஐந்து ஆண்டாக நீண்டது. 1991இல்தான் அது நீங்கியது. அரசின் மொழி வகுப்புகள் அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களுக்கே உரியவை. கேஸ் முடியாதவர்களுக்கு இல்லை. நாட்டை விட்டு எப்படியும் போகப் போகிறவர்களுக்கு மொழி எதற்கு என்பதே அந்த ஏற்பாட்டின் உட்பொருள். ஆனால் அந்தக் கேஸ்களோ வருடக்கணக்காக இழுபட்டன.

வேலைத்தளமும் இல்லை, வகுப்பறையும் இல்லை. மிஞ்சியது சாப்பாடு. சில மாநிலங்களில் முகாமிலேயே சமைத்துக் கொடுத்தார்கள். வேறு இடங்களில் சமூக உதவிக் காசு, அதாவது எங்கள் ஆட்கள் சொல்லும் 'சோசல்', கையில் கிடைத்தது. காசு கையில் கிடைத்தவர்கள் சந்தைக்குப் போனார்கள்.

ஜேர்மன் நகரங்களில் வாரச் சந்தை என்பது பழைய வழக்கம். நகரச் சதுக்கத்தில் வாரத்தில் ஒன்றிரண்டு நாள், பெரும்பாலும் காலையில் கூடி மதியத்தோடு கலைந்துவிடும். சுப்பர் மார்க்கெட்டில் வாய் திறக்கத் தேவையில்லை. எடுத்துக் கூடையில் போட்டு, காசாளருக்கு முன்னால் நோட்டை நீட்டினால் வேலை முடிந்தது. வாரச் சந்தையில் அது நடக்காது. சுன்னாகச் சந்தையிலும் திருநெல்வேலிச் சந்தையிலும் கத்தரிக்காயை ஒவ்வொன்றாகத் தூக்கி அழுத்திப் பார்த்துப் பொறுக்கிப் பழகியவர்கள் நாங்கள். அங்கே பல கடைகளில் சாமானில் கை வைக்கக் கூடாது. வேண்டியதைச் சொன்னால் கடைக்காரர் எடுத்துத் தருவார். ஆகவே சொல்லத்தான் வேண்டும். 'வாஸ் டார்ஃப் எஸ் சைன்?' என்று கடைக்காரர் கேட்பார். என்ன வேணும் என்று அர்த்தம். 'இஷ் ஹெற்ற கேர்ன்' என்று தொடங்கி வேண்டியதைச் சொல்ல வேண்டும். 'சொன்ஸ்ட் நொக் எற்வாஸ்?', வேறேதும்? 'டாஸ் வேர்ஸ்', அவ்வளவுதான். இந்த நாலு வசனத்தை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தின் ஒரு வாரச் சமையலை நடத்திவிடலாம். ஒவ்வொரு வாரமும் அதே கடைக்காரர், அதே கேள்வி, அதே பதில். எந்த ஆசிரியரும் இவ்வளவு பொறுமையாகத் திருப்பித் திருப்பிச் சொல்லித் தரமாட்டார்.

கஷ்டம் வந்தது எண்களில். என் தொழிலுக்கு நெருங்கிய விஷயம் என்பதால் இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். தமிழில் எண்பத்தைந்து என்கிறோம். பெரியது முன்னால், சிறியது பின்னால், ஆங்கிலத்திலும் அப்படியே. டொச்சில் அது 'ஃபுன்ஃப் உண்ட் அக்ட்ஸிஷ்', அதாவது 'ஐந்தும் எண்பதும்'. ஐந்து முதலில் காதில் விழுந்ததும் மனம் ஐம்பதுக்குப் போய்விடும். எண்பத்தைந்து பெனிக் சாமானுக்கு ஐம்பத்தெட்டை எண்ணி நீட்டிவிட்டு நின்றவர்கள் எத்தனையோ பேர். எழுத்திலும் புள்ளியும் காற்புள்ளியும் இடம் மாறி நிற்கும். நாங்கள் 1,250.00 என்று எழுதுவதை அவர்கள் 1.250,00 என்று எழுதுவார்கள். இன்றும் ஜேர்மனியிலிருந்து வந்த ஒருவரின் கையெழுத்துக் கணக்கைப் பார்த்தால் எனக்கு அது உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது நிறை. ஊரில் எங்களுக்கு றாத்தல் தெரியும். அரபுச் சொல்லடியாக வந்த பெயர்; அளவு பிரித்தானியருடையது, 454 கிராம். ஜேர்மன் சந்தையிலும் 'ஐன் ப்ஃபுண்ட்', ஒரு றாத்தல், என்றே கேட்பார்கள். ஆனால் அது 500 கிராம். 1850களில் ஜேர்மன் அரசுகளின் சுங்க ஒன்றியம் அதைச் சரி அரைக் கிலோவாக ஆக்கியது. சட்டப் புத்தகத்திலிருந்து அந்தச் சொல் போய் நூறு வருடத்துக்கு மேலாகியும் சந்தையின் வாயிலிருந்து போகவில்லை. பத்து றாத்தல் வாங்கினால் இரண்டுக்கும் இடையில் ஏறக்குறைய அரைக் கிலோ வித்தியாசம். இங்கே லண்டனில் 2000 ஜனவரி முதல் உதிரிச் சாமான்களைக் கிலோவில்தான் நிறுத்து விற்க வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆனாலும் எங்கள் பக்கத்துச் சந்தைகளில் ஒரு கிண்ணம் ஒரு பவுண் என்று குவித்து வைத்து விற்பதையும் பார்க்கிறோம். கிண்ணத்துக்கு எண்ணும் வேண்டாம், நிறையும் வேண்டாம், பேச்சும் வேண்டாம்.

மூன்றாவது விஷயம் மரியாதை. டொச்சில் 'ஸீ' என்றால் நீங்கள், 'டூ' என்றால் நீ. இந்த வேறுபாடு தமிழருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் எங்கள் ஆட்கள் பலர் டொச்சைப் படித்தது ஜேர்மன்காரரிடம் அல்ல, துருக்கியரிடம். 1961இல் செய்த ஒப்பந்தத்தின்படி தொழிலாளராக வந்த துருக்கியர் பின்னர் பல ஊர்களில் மரக்கறிக் கடை போட்டார்கள். மேற்குப் பேர்லினில் மைபாக் கரையோரம் செவ்வாயும் வெள்ளியும் கூடும் துருக்கிச் சந்தை பெயர் போனது. கத்தரிக்காய், வெண்டிக்காய், பச்சை மிளகாய், உள்ளி, கொத்தமல்லித் தழை எல்லாம் அவர்களிடம்தான் கிடைக்கும். அங்கே எல்லோரும் எல்லோருக்கும் 'டூ'தான். அதையே பழகிக்கொண்டு அலுவலகத்தில் அதிகாரியையும் 'டூ' என்று கூப்பிட்டால், முன்னால் இருப்பவரின் முகம் கறுக்கும். மரியாதை தெரியாத சனம் என்ற பெயர், மரியாதைச் சொல்லைச் சொல்லித் தர ஒருவரும் இல்லாத சனத்துக்கு வந்தது.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான இடத்துக்கு வருகிறேன். காசு கையில் இருந்தால்தான் மொழி வாயில் வரும். சட்டம் காசைக் கையிலிருந்து எடுத்தால் மொழியையும் சேர்த்தே எடுத்துவிடுகிறது.

1993 நவம்பர் முதலாம் திகதி ஜேர்மனியில் அகதி விண்ணப்பதாரருக்கான தனி உதவிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. காசுக்கு முன்னால் பொருள் என்பது அதன் விதி. பெரியவருக்கு மாதம் 80 மார்க், சிறுவருக்கு 40 மார்க் கைச்செலவுக்கு. மற்றதெல்லாம் உணவுப் பொதியாகவோ கூப்பனாகவோ கொடுக்கலாம். பொதியில் வருவதை விலை கேட்கத் தேவையில்லை. கூப்பன் வாரச் சந்தையில் செல்லாது. பத்து வருடம் முன்னால் வந்தவர்களுக்குக் கிடைத்த அந்த நாலு வசன வகுப்பு பின்னால் வந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை.

லண்டனிலும் இது நடந்தது. 2000 ஏப்ரலில் பிரித்தானிய அரசு அகதி விண்ணப்பதாரருக்குக் காசுக்குப் பதிலாக வவுச்சர் கொடுக்கத் தொடங்கியது. 25 வயதுக்கு மேற்பட்ட தனி ஆளுக்கு வாரம் 36 பவுண் 54 பென்ஸ். அதில் 10 பவுண் மட்டுமே காசாக மாற்றலாம். பதிவு செய்த கடைகளில் மட்டும் செல்லும். மிச்சக் காசு தர மாட்டார்கள். ஐந்து பவுண் வவுச்சருக்கு நாலு பவுண் முப்பது பென்ஸுக்குச் சாமான் வாங்கினால் எழுபது பென்ஸ் கடைக்குப் போய்விடும். கணக்கு வழக்குப் பார்க்கும் எவருக்கும் இது எப்படிப்பட்ட கொடுக்கல் வாங்கல் என்று விளங்கும். போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் பில் மோரிஸ் முன்னின்று எதிர்த்தார். 2001 ஒக்ரோபரில் உள்துறை அமைச்சர் டேவிட் பிளங்கெற் அதை நிறுத்துவதாக அறிவிக்க, 2002இல் வவுச்சர் ஒழிந்தது.

ஜேர்மனியில் இன்னும் நீண்ட காலம் சென்றது. 1993இல் வைத்த தொகையைக் கூட்டாமலே வைத்திருந்தது மனித மாண்புக்கு ஒவ்வாது என்று 2012 ஜூலை 18ஆம் திகதி அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நல்ல எதிர்பார்ப்புள்ள விண்ணப்பதாரருக்கு அரசு மொழி வகுப்பு 2015இல்தான் திறந்தது. பிறகு 2024இல் காசுக்குப் பதில் அட்டை கொடுக்கும் முறைக்குச் சட்டம் வந்தது. மாதம் 50 யூரோ மட்டும் காசாக எடுக்கலாம் என்று பெரும்பாலான மாநிலங்கள் இணங்கின. சந்தைக் கடைகளில் எத்தனை அட்டை எடுக்கும்? இன்றைக்கு அந்த வரிசையில் நிற்பவர் சிரியரோ ஆப்கானியரோ. ஆனால் அந்த வரிசை எங்களுக்குப் புதியதல்ல.

நேயர்களே, உங்கள் வீட்டில் ஜேர்மனியில் இருந்துவிட்டு வந்த பெரியப்பாவோ மாமியோ இருந்தால் ஒரு மாலை அவர்களோடு இருந்து கேளுங்கள். முதல் டொச் சொல்லை எந்தக் கடையில் படித்தார்கள்? யார் சொல்லித் தந்தது? ஒரு மார்க்குக்கு அன்று என்ன வாங்கினார்கள்? கைத்தொலைபேசியில் பதிவு செய்தால் போதும். அவர்கள் அனுமதித்தால் எங்கள் நிலையத்துக்கு அனுப்புங்கள்; பெயர் சொல்லாமலும் ஒலிபரப்புவோம். 1985இல் இருபத்தைந்து வயதில் போனவருக்கு இப்போது அறுபத்தைந்து தாண்டிவிட்டது. கேட்பதைப் பிந்தாமல் கேட்போம்.