கசிந்த கடவுச்சொற்களின் கதை

பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்லாமல், துண்டுக்குள் கையை மறைத்து விரலைப் பிடித்தே பேரம் பேசும் வழக்கம் உண்டு. அந்த ரகசியம் அந்த மாட்டோடு முடிந்துவிடும். கடவுச்சொல் அப்படியல்ல. பலரும் ஒரே சொல்லைப் பத்துத் தளங்களில் வைத்திருக்கிறார்கள். திருடர்களுக்குப் பிழைப்பே இதில்தான்.

இந்தத் திருட்டு இணையத்தைவிட மூத்தது. 1962ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், கணினியில் தனக்கு ஒதுக்கிய நேரம் போதாமல், எல்லோருடைய கடவுச்சொற்களும் இருந்த கோப்பை அச்சிட்டு எடுத்துக்கொண்டார். முதல் விளம்பர எரிதம் 1978ல் சுமார் 400 பேருக்குப் போனது.

பிறகு இரண்டும் கைகோர்த்தன. முன்பின் தெரியாத கணினிகளிலிருந்து வரும் அஞ்சல்களை வடிகட்டிகள் தடுக்கத் தொடங்கியதும், எரிதம் அனுப்புவோருக்கு உண்மையான மனிதர்களின் கணக்குகள் தேவைப்பட்டன. 2017 ஆகஸ்டில் அகப்பட்ட 'ஆன்லைனர்' என்ற எரித இயந்திரத்திடம் 71.1 கோடி முகவரிகள் இருந்தன. பல முகவரிகளுக்குக் கடவுச்சொல்லும் சேர்ந்தே இருந்தது. அவற்றில் ஒரு பகுதி பழைய கசிவுகளிலிருந்து பொறுக்கியது.

நம் நாட்டில் இதற்கு நல்ல பாடம் சொமேட்டோ. 2015ல் '000வெப்ஹோஸ்ட்' என்ற இலவசத் தளத்திலிருந்து ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களின் கடவுச்சொற்கள் கசிந்தன. மறைகுறியாக்கம் எதுவும் இல்லை, அப்படியே படிக்கலாம்! அதில் சொமேட்டோ நிரலாளர் ஒருவருடையதும் இருந்தது. அவர் நிரல்களைச் சேமிக்கும் கிட்ஹப் தளத்திலும் அதே சொல்லைத்தான் வைத்திருந்தார். இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் இல்லை. உள்ளே நுழைந்தவர் நிரலைப் படித்து, அதில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார். 2017 மே மாதம் 1.7 கோடி பயனர்களின் விவரங்கள் இருண்ட இணையத்தில் விலைக்கு வந்தன. கேட்ட விலை சுமார் 1,000 டாலர்தான்.

அட்டை விவரங்கள் தனியாக இருந்ததால் தப்பின. பிழை கண்டுபிடிப்பவர்களுக்குப் பரிசு தரும் திட்டம் தொடங்குவதாக நிறுவனம் ஒப்புக்கொண்டதும், பிரதிகளை அழித்துவிடுவதாகத் திருடியவர் சொன்னார். ஆனால் கசிவுகளைத் தேடிப் பார்க்க டிராய் ஹன்ட் 2013ல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளத்தில் சுமார் 1.65 கோடி சொமேட்டோ கணக்குகள் பிற்பாடு சேர்ந்தன.