விழும் நீரின் கணக்கு

தேனியிலிருந்து கம்பம், கூடலூர் வழியாகக் குமுளிக்கு ஏறுகிறவர்கள் லோயர் கேம்ப்பில் அந்த நான்கு குழாய்களைக் கண்டிருப்பார்கள். மலைச்சரிவில் உச்சியிலிருந்து அடிவாரம் வரை இறங்கும் ராட்சதக் குழாய்கள். பலரும் அவற்றைப் பார்த்ததும் பென்னிகுயிக்கைப் பற்றிப் பேசத் தொடங்குவர். அவர் கட்டிய பெரியாறு அணை 1895-இல் முடிந்தது. குழாய்கள் வந்ததோ அறுபதாண்டுகளுக்குப் பிறகு. இடைப்பட்ட காலத்து வழக்கு ஒன்று அதிகம் பேசப்படுவதில்லை.

1886 அக்டோபர் 29-இல் கையெழுத்தான 999 ஆண்டுக் குத்தகைப்படி, திருவிதாங்கூரின் நீர் பாசனத்துக்காகக் கிழக்கே திருப்பப்பட்டது. பைகாராவிலும் (1932) மேட்டூரிலும் (1937) மின்சாரம் எடுத்துப் பழகிய சென்னை மாகாணம், பெரியாற்று நீரிலும் எடுக்க விரும்பியது. பயிருக்குக் கொடுத்த நீரை எந்திரம் சுழற்றப் பயன்படுத்தலாகாது என்றது திருவிதாங்கூர். அப்போது அங்கே திவான் சி.பி. ராமசுவாமி ஐயர். நடுவர் நளினி ரஞ்சன் சாட்டர்ஜி 1941-இல் திருவிதாங்கூர் பக்கமே தீர்ப்பளித்தார்.

டர்பைன் நீரைக் குடிப்பதில்லை. மேலே புகுந்த நீர் முழுவதும் கீழே வயலுக்கு வந்துவிடும். எடுக்கப்படுவது அது விழும் உயரம் மட்டுமே. அதுவரை பாறைகளில் மோதிச் சிதறிக்கொண்டிருந்த ஆற்றல் அது. ஆனால் குத்தகைக்குக் கொடுத்தவர் நீரை மட்டும் கொடுத்தாரா, உயரத்தையும் சேர்த்தா? திருவிதாங்கூரின் கேள்வியில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல இயலவில்லை.

விடுதலைக்குப் பின் இசைவு கிடைத்தது. 1958-இல் முதல் எந்திரமும் 1965-இல் நான்காவதும் ஓடத் தொடங்கின. மொத்தம் 140 மெகாவாட். முறையான ஒப்பந்தம் 1970 மே 29-இல்தான் வந்தது. 35 கோடி யூனிட் வரை, ஒரு கிலோவாட்-ஆண்டுக்கு 12 ரூபாய் கேரளத்துக்கு. அதாவது 8,760 யூனிட்டுக்குப் பன்னிரண்டு ரூபாய். உயரத்தின் விலை யூனிட்டுக்கு ஒரு காசின் ஏழில் ஒரு பங்கு!

இந்த உயரத்தை வீட்டுக்குள் கொண்டுவந்து பார்க்கலாம். ஆயிரம் வாட் இஸ்திரிப்பெட்டி ஒரு மணி நேரம் சுட்டால் ஒரு யூனிட். வீழ்ச்சி ஏறத்தாழ 370 மீட்டர். எந்திர இழப்பையும் சேர்த்தால், ஒரு யூனிட்டுக்குச் சுமார் 1,200 லிட்டர் நீர் அம்மலையிலிருந்து இறங்க வேண்டும். ஐந்நூறு வாட் மிக்சியில் ஆறு நிமிடம் சட்னி அரைத்தால் அறுபது லிட்டர், நான்கு குடம். எழுபத்தைந்து வாட் மின்விசிறி பத்து மணி நேரம் சுழன்றால் தொள்ளாயிரம் லிட்டர். கண்ணாடித் திரை வைத்த பழைய கணினி 150 வாட் என்று கொண்டால், எட்டு மணி நேரத்துக்கு 1,440 லிட்டர். நாற்பது வாட் மடிக்கணினிக்கு 400 லிட்டர்கூட வேண்டாம். ரிமோட்டால் மட்டும் அணைத்த பழைய தொலைக்காட்சி ஐந்து வாட் இழுத்துக்கொண்டிருந்தால், ஒரு நாளில் 144 லிட்டர். ஒருவரும் பார்க்காத படத்துக்கு! (லோயர் கேம்ப் மின்சாரம் மாநில மின்கட்டமைப்பில் கலந்துவிடுவதால், எந்த வீட்டு விசிறியை எந்த நீர் சுழற்றுகிறது என்று பிரிக்க இயலாது. கணக்கு ஓர் உவமைக்காகவே.)

2011-இல் தமிழக அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றை விலையின்றி வழங்கத் தொடங்கியது. மின்வெட்டு கடுமையாக இருந்த ஆண்டுகள் அவை. விசிறி வந்தது, சுழற்ற மின்சாரம் இல்லை. 2016-இல் இரு மாதங்களுக்கு நூறு யூனிட் வீடுகளுக்கு இலவசமாயிற்று. நம் கணக்கில், ஒரு லட்சத்து இருபதாயிரம் லிட்டர்.

ஆனால் மின்நிலையம் வீட்டுத் தேவையைக் கேட்டு ஓடுவதில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கும் குடிநீருக்கும் எவ்வளவு நீர் திறக்கிறார்களோ, அதைப் பொறுத்தே எந்திரங்கள் சுழலும். அணையில் நீர் குறைந்து திறப்பு சுருங்கினால், கோடை இரவானாலும் அவை நிற்க வேண்டியதுதான். முதல் போகத்துக்கு நீர் திறந்ததும் நான்கு குழாய்களும் மீண்டும் அதிரத் தொடங்கும்; உயரத்தை இழந்த நீர், ஒரு குடமும் குறையாமல், கூடலூர் நாற்றங்கால்களை நோக்கிப் போகும்.