மீன்தொட்டியில் புது மீன் சேர்த்தல்

மதுரைப் பக்கம் தொட்டிக்கு மீன் தேர்வு செய்பவர் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரை. ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உப்பும் கடினமுமாக இருக்கும். மோலி, கப்பி அதைத் தாங்கும்; மென்னீர் மீன்களான நியான் டெட்ரா, டிஸ்கஸ் வாடிவிடும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருப்பதால் ஒருநாள் திறந்து வைத்த பிறகே ஊற்ற வேண்டும்.

குழம்புக்குப் பேர்போன அயிரை தொட்டிக்கும் அருமையான மீன். மணலை வாயில் அள்ளி, இரையைச் சலித்துக்கொண்டு, செவுள் வழியே உதறும். மிரண்டால் கண் மட்டும் தெரிய மணலுக்குள் புதையும். கூரான கற்களில் அதன் மீசை காயப்படும் என்பதால் அடியில் நைசான ஆற்றுமணலே போட வேண்டும்.

புதுத் தொட்டியில் மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா நிலைபெற 4 முதல் 6 வாரம் ஆகும். அவசரப்பட்டு மீன் விட்டால் செத்து மிதக்கும்.

வாங்கிவந்த பையை 15 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேர்த்து, வலையால் மீனை மட்டும் எடுக்க வேண்டும். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றக்கூடாது. முதன்மைத் தொட்டியில் விடுமுன் 2 முதல் 4 வாரம் தனித்தொட்டியில் வைத்தால் வெண்புள்ளி நோய் அங்கேயே தெரிந்துவிடும்.

கடையில் விரலளவு இருக்கும் ஆஸ்கர், சக்கர் மீன்கள் 30 செ.மீ. வரை, சில அதற்கு மேலும், வளரும். வளர்ந்ததும் கண்மாயில் விடுவது பெருந்தவறு: தென்னமெரிக்கச் சக்கர் தமிழக நீர்நிலைகளில் இப்படித்தான் பரவி, மீனவர் வலைகளைக் கிழிக்கிறது.