சுவருக்கு வாய்

ஓசை நம்மைச் சூழ்ந்து நிற்க வேண்டும் என்ற ஆசை சினிமாவுக்கு முந்தியது. 1881-ல் பாரிசில் நடந்த மின்சாரக் கண்காட்சியில் க்ளெமான் அதேர் என்ற பொறியாளர், ஒபேரா மேடையின் முன்விளிம்பில் ஒலிவாங்கிகளை வரிசையாக வைத்து அங்கிருந்து டெலிபோன் கம்பிகளைக் கண்காட்சி மண்டபத்துக்கு இழுத்துச் சென்றார். கேட்க வந்தவர் காதுக்கு ஒன்றாக இரண்டு குழல்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பாடகர் மேடையில் நடந்தபோது குரலும் கூடவே நடந்தது. விக்டர் ஹ்யூகோவும் போய்க் கேட்டுவிட்டு வந்து அதைக் குறித்துவைத்திருக்கிறார். 1890 முதல் தியாத்ரோஃபோன் என்ற பெயரில் இது சந்தாச் சேவையாக நடந்தது.

அந்தச் சந்தாதாரர்களில் ஒருவர் மார்செல் ப்ரூஸ்த். இங்கே சற்று நிற்கலாம். ப்ரூஸ்த் என்றதும் நம்மவர்கள் ஞாபகத்தைப் பற்றியே பேசுகிறார்கள். அவர் அறையின் சுவரைப் பற்றிப் பேசுவதில்லை. 1910-ல் அவர் தம் படுக்கையறைச் சுவர்களில் தக்கைப் பலகை அடித்து வெளிச்சப்தத்தை மறித்தார். மறு வருஷம் தியாத்ரோஃபோனுக்குச் சந்தா கட்டி, தெபுஸ்ஸியின் ‘பெல்லேயாஸ்’ ஒபேராவை வீட்டிலிருந்தபடியே கேட்டார். சுவரை ஊமையாக்கிவிட்டுக் கம்பி வழியே ஓர் அரங்கத்தை வரவழைத்தார் என்று சொல்லலாம். சிறிய அறையில் பெரிய இடத்தின் ஓசையை விரும்புகிறவன் ஒன்று சுவரை இல்லாமற் செய்ய வேண்டும், அல்லது சுவரைப் பேசவைக்க வேண்டும். இன்று தொலைக்காட்சிக்குக் கீழே ஒரு கஜ நீளத்துக்குக் கிடக்கும் சவுண்ட்பார் என்ற சாதனம் இரண்டையும் ஒரே சமயத்தில் செய்யப் பார்க்கிறது. இரண்டும் வெவ்வேறு இடத்தில் பிறந்த யோசனைகள். அதைப் பிரித்துப் பார்க்காததால்தான் இந்தச் சாதனத்தைப் பற்றிய பேச்செல்லாம் விளம்பரமாகவோ புலம்பலாகவோ முடிந்துவிடுகிறது.

சினிமாவின் பங்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1931 டிசம்பரில் லண்டனில் ஆலன் ப்ளம்லைன் இருசெவிப் பதிவுக்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். திரையில் ஆள் ஓர் ஓரத்துக்குப் போனால் குரலும் அவனோடு போக வேண்டும் என்பதற்கான வழி அதில் இருந்தது. 1940-ல் டிஸ்னியின் ‘ஃபேண்டேசியா’ பல ஒலிபெருக்கிகளோடு சில நகரங்களில் மட்டும் ஓடியது, செலவு கட்டுபடியாகவில்லை. 1979-ல் ‘அபோகலிப்ஸ் நவ்’ ஹெலிகாப்டரைப் பார்வையாளர் தலையைச் சுற்றிப் பறக்கவிட்டது. இவை எல்லாம் ஒலி எங்கிருந்து வர வேண்டுமோ அங்கே ஒரு பெட்டியை வைத்தன. நேர்மையான காரியம், இடமும் பணமும் இருந்தால் போதும். எழுபதுகளில் வீட்டின் நான்கு மூலைக்கும் நான்கு பெட்டி என்று விற்கப் பார்த்தார்கள். ஒன்றோடொன்று ஒத்துப்போகாத முறைகளாக வந்து, அது சில வருஷங்களிலேயே படுத்துவிட்டது.

சவுண்ட்பாரின் முன்னோர்களைத் தேட சங்கீத மண்டபங்களுக்குப் போக வேண்டும். 1962 செப்டம்பரில் நியூயார்க்கின் லிங்கன் மையத்தில் பில்ஹார்மானிக் மண்டபம் திறக்கப்பட்டது. பெரிய எதிர்பார்ப்பு, ஆனால் ஓசை சரியில்லை என்று முதலிலிருந்தே புகார். (1976-ல் உட்புறத்தை முழுவதும் இடித்துக் கட்டினார்கள். 2022-ல் மறுபடியும் புதுப்பித்துத் திறந்தார்கள். ஓசை அத்தனை எளிதில் வசப்படுவதில்லை.) அந்த மண்டபத்தை அளந்து பார்த்தவர்களில் பெல் ஆய்வுக்கூடத்தின் மான்ஃப்ரெட் ஷ்ரோடரும் பிஷ்ணு அடலும் உண்டு. அடல் கான்பூரில் பிறந்தவர், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் படித்து, அங்கேயே பாடமும் சொல்லிக்கொடுத்தவர்.

ஒரு மண்டபத்தின் ஓசையை இன்னொன்றோடு ஒப்பிடுவது சிரமம். ஓர் ஊரில் கேட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் காது மறந்துவிடும். மண்டபத்தையே ஆய்வறைக்குள் கொண்டுவர வழி வேண்டும். முன்னால் இரண்டு ஒலிபெருக்கிகள் வைத்தால் இடப்பெட்டியின் ஒலி வலக்காதுக்கும் கசிகிறது. அந்தக் கசிவுக்கு நேர் எதிரான அலையை வலப்பெட்டியிலிருந்து அனுப்பினால் கசிவு அழியும். அழித்த அலையும் கசியும்; அதையும் அழிக்க வேண்டும்; இப்படியே போகும். இந்தக் கணக்கை ஷ்ரோடரும் அடலும் அறுபதுகளின் தொடக்கத்தில் போட்டுக் காட்டினார்கள். ஒவ்வொரு காதுக்கும் அதனதன் பங்கு மட்டும் போய்ச் சேர்ந்தால், முன்னால் இரண்டே பெட்டிகள் இருக்க, ஓசை பக்கத்திலிருந்தும் பின்னாலிருந்தும் வருவதாகத் தோன்றும். ஆனால் இது நடந்த இடம் எதிரொலியே இல்லாத அறை. அதாவது ப்ரூஸ்தின் தக்கையைவிடப் பல மடங்கு ஊமையான சுவர்.

1974-ல் கோட்டிங்கனில் ஷ்ரோடரும் சகாக்களும் இந்த முறையைக் கொண்டு ஐரோப்பிய மண்டபங்களை ஒப்பிட்டார்கள். எதிரொலியின்றிப் பதிவுசெய்த இசையை ஒவ்வொரு மண்டபத்திலும் ஒலிக்கவிட்டு, பொம்மைத் தலையின் இரு காதுகளில் பதிந்துகொண்டுவந்து, கேட்பவர்களை நடுவில் உட்காரவைத்துக் கேட்டார்கள். மக்கள் விரும்பியது இரு காதுகளுக்கும் வேறுபட்ட ஓசை வந்த மண்டபங்களைத்தான். குறுகலான மண்டபத்தில் பக்கச்சுவர்கள் ஓசையை முந்தித் திருப்பியனுப்புகின்றன. இடக்காதுக்கு ஒன்று, வலக்காதுக்கு வேறொன்று. அகன்று தாழ்ந்த மண்டபத்தில் கூரையின் எதிரொலி முந்திவந்து இரு காதுக்கும் ஒன்றாகவே விழுகிறது. சுவர் இல்லாத அறையில் உட்கார்ந்து சுவரின் அருமையைக் கண்டுபிடித்தார்கள். எனக்கு இந்தச் சரித்திரத்தில் மிகவும் பிடித்த இடம் இது.

சுவரைப் பேசவைக்கும் சாதனம் கடைக்கு வர இன்னும் முப்பது வருஷம் ஆயிற்று. தொலைக்காட்சி தட்டையாகி அதற்குள் நல்ல ஒலிபெருக்கிக்கு இடமில்லாமற் போன காலம். இரண்டாயிரங்களின் நடுவில் யமஹா நிறுவனம் ஒரே பட்டையில் 40 சிறு ஒலிபெருக்கிகளை அடுக்கி விற்றது. ஒவ்வொன்றுக்கும் கணக்கிட்ட சிறு தாமதம் கொடுத்தால் ஓசை டார்ச்விளக்கின் ஒளிபோல ஒரு திசையில் போகும். ரேடாரில் பழகிய தத்துவம்தான். அந்தக் கற்றையைப் பக்கச்சுவரில் அடித்துப் பின்சுவருக்கு அனுப்பி, அங்கிருந்து காதுக்குத் திருப்புவது திட்டம். கேரம் ஆட்டத்தில் ஓரத்தில் அடித்துக் காயைப் போடுவது மாதிரி. கனத்த ஓசை இதற்குக் கட்டுப்படாது. 100 ஹெர்ட்ஸ் ஓசையின் அலைநீளம் மூன்று மீட்டருக்கு மேல்; ஒரு மீட்டர்ப் பட்டை அதற்குத் திசை காட்ட முடியாது. அதனால்தான் தனியாக ஒரு பெட்டி கூடவே வருகிறது.

இப்போது இதை என் அறையில் வைத்துப் பார்க்கிறேன். அகலம் பத்தடி. பட்டை ஒரு சுவரோரம் நடுவில். நான் எட்டடி தள்ளி நடுவில். நேரே வரும் ஒலியைவிடப் பக்கச்சுவரில் பட்டு வருவது சுமார் ஐந்தடி அதிகம் நடக்கிறது. நாலு மில்லிசெகண்டுக்குச் சற்று மேல் தாமதம். 1949-ல் கோட்டிங்கனிலேயே ஹெல்முட் ஹாஸ் காட்டியது என்னவென்றால், சில மில்லிசெகண்டு முதல் 30 மில்லிசெகண்டுவரை பிந்தி வரும் ஒலி, முந்தியதைவிடப் பத்து டெசிபல் உரக்க இருந்தாலும் காது அதைத் தனியாக எடுத்துக்கொள்வதில்லை. முதலில் வந்தவன் சொல்லும் திசைதான் திசை. ஆகவே கற்றை துல்லியமாக இருந்து, நேரே கசிவது மிகக் குறைவாக இருந்தாலொழிய, சுவரில் பட்டு வந்தது முன்னாலிருந்து வந்ததாகவே கணக்காகும். என் அறையின் வலப்புறம் ஜன்னலும் திரைச்சீலையும். இடப்புறம் வெறும் சுவர். திரைச்சீலை விழுங்கிக்கொள்கிறது, சுவர் திருப்புகிறது. கட்டில் பின்சுவரை ஒட்டிக் கிடக்கிறது. தலைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடமில்லாதபோது பின்னால் என்ற திசையே இல்லை.

சிறிய அறையில் இந்தப் பட்டை தருவது அகலம். கோட்டிங்கனில் மக்கள் விரும்பிய அதே பக்கச்சுவர் ஓசை, சிறிய அளவில். அது அற்பமான விஷயமில்லை. நல்ல அகலத்தோடு கேட்கும் ஒரு நாதஸ்வரக் கச்சேரி, சூழ்ந்துகொள்ளும் பத்து ஹெலிகாப்டருக்குச் சமம். பின்புறத்தை அது தருவதாகச் சொல்லும்போதுதான் எனக்குச் சங்கடம். ஓசை முன்னாலா பின்னாலா என்ற சந்தேகம் வந்தால் மனிதன் தலையைச் சற்றுத் திருப்புகிறான். திருப்பும்போது இரு காதுகளுக்கும் வரும் வித்தியாசம் எப்படி மாறுகிறது என்பதே பதில். 1940-ல் ஹான்ஸ் வாலக் இதைச் சோதனையில் காட்டினார். அலையை அலையால் அழிக்கும் கணக்கோ தலை அசையாமல் இருப்பதையே நம்பி நிற்கிறது. சற்று விலகினால் ஓசை முன்னால் வந்து விழுந்துவிடும். கேட்பவன் உண்மையைச் சோதிக்க வைத்திருக்கும் ஒரே வழியை அவன் பயன்படுத்தாதவரை நீடிக்கும் பிரமை இது. அதுவும் ஓர் ஆளுக்குத்தான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவிக்கும் குழந்தைக்கும் அந்த ஹெலிகாப்டர் கிடையாது. கொட்டகையில் பின்சுவரில் நிஜமாகவே ஒரு பெட்டி தொங்கியது. திரும்பிப் பார்த்தாலும் அது அங்கேதான் இருந்தது. கடைசி வரிசைக்காரனுக்கும் அது ஏதோ சொன்னது.

2012-ல் டால்பி அட்மாஸ் வந்த பிறகு மேலே பார்த்துப் பேசும் பட்டைகளும் வந்துவிட்டன. கூரையில் மோதித் தலைமேல் மழை பெய்ய வேண்டும். தட்டையான, மிக உயரமில்லாத காங்கிரீட் கூரைக்கு இது ஓரளவு பொருந்தும். தேக்கு உத்தரங்களுக்கு நடுவே செங்கல் அடுக்கிய மெட்ராஸ் ஒட்டில் ஓசை சிதறும். நாட்டு ஓடு போட்ட சாய்ந்த கூரை அதைக் கேட்பவனிடம் அனுப்பாமல் வேறெங்காவது அனுப்பிவிடும். பின்னால் இரண்டு சின்னப் பெட்டிகளை வைத்துச் சுவரோரமாகக் கம்பி இழுப்பதற்கு இன்றைக்கும் சில நூறு ரூபாய் கம்பியும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். கட்டிலை மட்டும் இரண்டடி முன்னால் நகர்த்த வேண்டும்.