காவிரிக் கோரையும் கங்ஹ்வாத் தீவுப் பாயும்



நம் குடியிருப்பில் இப்போது கொரியத் தொடர் ஓடாத வீடு குறைவு. "அவங்களும் அப்பாவை அப்பான்னுதான் கூப்பிடறாங்க" என்று பிள்ளைகள் வியப்பதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். இந்த வியப்பு பழையது. ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905-லேயே ஓர் இலக்கண நூல் எழுதினார். இரண்டும் ஒரே குடும்பம் என்பதை இன்றைய மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஆனால் யாரும் மறுக்க முடியாத ஓர் ஒற்றுமை நம் தொட்டியத்தின் வயல்களில் நிற்கிறது. அது கோரை.

முசிறி, தொட்டியம் பக்கத்துக் காவிரிக் கரையில் வாழைக்கும் நெல்லுக்கும் இடையே ஆளுயரத்தில் அசையும் கோரையைப் பேருந்திலிருந்தே பார்க்கலாம். ஒருமுறை நட்டால் பல வருடம் அறுக்கலாம். அறுத்த கோரையைக் கீறி, வெயிலில் காயவைத்து, நீளம் பார்த்துப் பிரித்து, கட்டாகக் கட்டித் தறிக்கு அனுப்புகிறார்கள். நீங்கள் சிறு வயதில் படுத்து உறங்கிய பாய் அப்படி வந்ததுதான்.

கொரியாவில் ஹான் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் கங்ஹ்வா என்றொரு தீவு இருக்கிறது. மங்கோலியர் படையெடுத்தபோது, 1232-ல் கொரிய அரசு தலைநகரையே அங்கே மாற்றியது. அந்தத் தீவுக்குப் பெயர் வாங்கித் தந்த பொருள்களில் ஒன்று 'ஹ்வாமுன்சோக்' என்னும் பூவேலைப் பாய். அதற்கான புல்லின் பெயர் வாங்கோல். தாவரவியலில் அதுவும் நம் கோரையும் ஒரே சைப்பரஸ் பேரினத்தைச் சேர்ந்தவை. அங்கேயும் வயலில் நட்டு, அறுத்து, கீறி, காயவைக்கிறார்கள். மரச் சட்டத்தில் பாவு நூல்களைத் தொங்கவிட்டு, அவற்றின் முனையில் சிறு கற்களைக் கட்டி, கற்களை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுப் பின்னுகிறார்கள். சாயமேற்றிய புல்லால் பூவும் பறவையும் பாயில் எழும். தரையில் உட்கார்ந்து, தரையில் உண்டு, தரையில் உறங்கிய நாடு அது. பாயின் அருமை அவர்களுக்கும் தெரியும்.

இதுவரை ஒற்றுமை. இனி வேற்றுமை.

1910 முதல் 1945 வரை ஜப்பானின் ஆட்சி, பிறகு 1950 முதல் 1953 வரை போர், அதற்குப் பின் வேகமாக எழுந்த தொழிற்சாலைகள் என்று கொரியாவின் பழைய கலைகள் அடுத்தடுத்து அடி வாங்கின. தென் கொரியா 1962-ல் பண்பாட்டுச் சொத்துகளைக் காக்கும் சட்டம் கொண்டுவந்தது. கோயில், அரண்மனை, சிலை ஆகியவற்றோடு கையிலும் தொண்டையிலும் வாழும் கலைகளையும் அந்தச் சட்டம் சொத்தாகக் கணக்கில் எடுத்தது. ஒரு கலையில் தேர்ந்தவரை அரசு அறிவிக்கும். மாதம்தோறும் உதவித்தொகை தரும். பதிலுக்கு அவர் மாணவர்களுக்குக் கற்றுத்தர வேண்டும், மக்கள் முன் செய்துகாட்டவும் வேண்டும். மக்கள் அவர்களை 'மனிதப் பொக்கிஷம்' என்ற பொருளில் அழைக்கிறார்கள். அரச முன்னோர் வழிபாட்டு இசை 1964-ல் பட்டியலின் முதல் எண்ணாக ஏறியது. வாங்கோல் புல்லைக் கையால் பின்னும் கலை 1996-ல் சேர்ந்தது.

சட்டம் வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. அங்கேயும் பல கலைகளுக்கு இளைய மாணவர் கிடைப்பது அரிது. கைப்பாயின் விலையைக் கேட்டுத் தயங்குபவர்களும் உண்டு. ஆனாலும் பாய் பின்னுபவரின் பெயர் அங்கே நாட்டின் பதிவேட்டில் இருக்கிறது.

நம்மிடம் எதுவுமே இல்லை என்று சொல்லக் கூடாது. மத்திய அரசு கைவினைஞர்களுக்கு விருது வழங்குகிறது. திருநெல்வேலிச் சீமையின் பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆனால் புவிசார் குறியீடு காப்பது ஊரின் பெயரை. நெய்யத் தெரிந்த கை அடுத்த கைக்குச் சொல்லிக் கொடுக்கிறதா என்று அது கேட்பதில்லை. இந்தப் பக்கத்தில் விசைத்தறி வந்துவிட்டது. கடைகளில் பிளாஸ்டிக் பாய் மலிந்துவிட்டது. கைத்தறியில் உட்கார்ந்தவர்களின் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. நம் வீட்டிலும் பாய் சுருண்டு பரண்மேல்தான் கிடக்கிறது.

சட்டம் இயற்றுவது நம் சங்கத்தின் வேலை அல்ல. நம்மால் முடிந்தது இரண்டு. நம் பொதுக்கூடத்துக்கு அடுத்த முறை விரிப்பு வாங்கும்போது, இந்தக் கரையில் கையால் நெய்த கோரைப்பாயையே வாங்குவோம். விடுமுறை நாள் ஒன்றில் நெய்பவர் ஒருவரை அழைத்து, பிள்ளைகளுக்கு முன் நெய்துகாட்டச் சொல்வோம். அவருடைய ஒரு நாள் கூலியைக் குறைக்காமல் கொடுப்போம், அவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்வோம்.

கொரியத் தொடரில் வரும் பாயைப் பார்த்து "எவ்வளவு அழகு" என்கிற பிள்ளைக்கு, அதன் ஒன்றுவிட்ட உறவு நம் வாய்க்கால் ஓரத்தில் வளர்கிறது என்று இந்த ஞாயிற்றுக்கிழமை காட்டுங்கள்.