கையில் வந்த இரண்டு சீட்டு

ரம்மி ஆடியவர்களுக்கு 'ஸ்கூட்' விடுவது தெரியும். பதின்மூன்று சீட்டையும் பார்த்து, இது தேறாது என்று தோன்றினால் சிறு தண்டத்தோடு விலகிக்கொள்ளலாம். போக்கரின் 'டெக்சாஸ் ஹோல்டெம்' வகையில் அந்த முடிவை இரண்டே சீட்டை வைத்து எடுக்க வேண்டும். எல்லோருக்கும் பொதுவான ஐந்து சீட்டு அதன் பிறகுதான் மேசையில் விரியும். எந்த இரண்டோடு உள்ளே நுழைவது என்ற கேள்விக்கு விடை தேடியவர்களின் வரலாறு சுவையானது.

52 சீட்டிலிருந்து இரண்டை 1,326 விதமாக எடுக்கலாம். ஒரே சின்னமா, வேறா என்பதை மட்டும் கணக்கில் கொண்டால் 169 வகைதான். ஏஸ் ஜோடி வருவது 221 முறைக்கு ஒருமுறை. இதெல்லாம் பள்ளிக் கணக்கு. எந்த வகையை நம்பிப் பணம் கட்டலாம் என்பதோ வெகுகாலம் தொழில்முறை ஆட்டக்காரர்களின் அனுபவத்துக்குள்ளேயே அடங்கிக் கிடந்தது. 1957இல் போக்கர் நூல் எழுதிய ஹெர்பர்ட் யார்ட்லி, அமெரிக்க அரசுக்காகச் சங்கேதச் செய்திகளை உடைத்தவர். தேறாத சீட்டைத் தயங்காமல் கீழே வைக்கும் பொறுமையே அவருடைய போதனை. ஆனால் அவர் எழுதியது பழைய ஆட்ட வகைகளைப் பற்றி.

1976இல் டேவிட் ஸ்க்லான்ஸ்கி ஹோல்டெமுக்கென்றே ஒரு நூல் எழுதினார். தொடக்கச் சீட்டுகளைத் தரம்பிரித்துத் தொகுதிகளாக்கினார். ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி ஜோடிகளோடு, ஒரே சின்னத்து ஏஸும் ராஜாவும் முதல் தொகுதியில் இடம்பெற்றன. கையிலுள்ள சீட்டோடு, பேசும் முறை நமக்கு முன்னதாக வருகிறதா, கடைசியில் வருகிறதா என்பதும் முக்கியம் என்றார். கடைசியில் பேசுபவர் மற்றவர்களின் போக்கைப் பார்த்துவிடுகிறார் அல்லவா!

வேடிக்கை என்னவென்றால், அதே 1976இல் லாஸ் வேகாஸில் உலகப் போட்டியை வென்ற டாயில் பிரன்சனின் கடைசிக் கை பத்தும் இரண்டும். எந்தப் பட்டியலிலும் அது குப்பை. எதிராளி ஜெஸ்ஸி ஆல்ட்டோவிடம் ஏஸும் ஜாக்கியும். முதல் மூன்று பொதுச் சீட்டுகளிலேயே அவருக்கு இரண்டு ஜோடி சேர்ந்துவிட்டது. பின்னர் ஒரு இரண்டும் ஒரு பத்தும் விழுந்து பிரன்சன் வென்றார். 1977இலும் அதே பத்து, இரண்டு. அப்போதும் எதிராளிக்கு முதலில் இரண்டு ஜோடி; அப்போதும் ஒரு இரண்டும் ஒரு பத்தும் வந்து காப்பாற்றின. இன்றும் அந்தக் கைக்கு அவர் பெயர்தான்.

இதை வைத்துப் பட்டியலைப் பொய் என்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். அங்கே எஞ்சியிருந்தவர்கள் இருவர். இருவர் ஆட்டத்தில் ஒவ்வொரு சுற்றிலும் கட்டாயப் பணம் கட்ட வேண்டும். நல்ல சீட்டுக்குக் காத்திருந்தால் கையிருப்பு கரைந்துவிடும். ஏஸ் ஜோடிகூட ஒரே எதிராளியிடம் 100க்கு 85 முறை வெல்லும். ஒன்பது பேரும் கடைசிவரை நின்றால் 31 முறைதான். ஆக, சீட்டின் மதிப்பு சீட்டில் மட்டும் இல்லை. அதற்காகப் பிரன்சனுக்கு அதிர்ஷ்டம் துணைநிற்கவில்லை என்றும் சொல்ல மாட்டேன்.

2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர் இணையத் தகுதிச்சுற்று வழியே வந்து உலகப் போட்டியை வென்றதும், பட்டியல்கள் எல்லோர் கைக்கும் போயின. 2015இல் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார், பந்தய அளவு வரையறுக்கப்பட்ட இருவர் ஆட்டத்தைக் கணினியால் ஏறக்குறைய முழுமையாகத் தீர்த்தனர். 2019இல் 'புளூரிபஸ்' என்ற நிரல் ஆறு பேர் ஆட்டத்தில் தேர்ந்தவர்களை வென்றது. மனிதர் ஆட்டம் எதையும் பார்க்காமல் தன்னோடு தானே ஆடிக் கற்ற அது, பழைய ஆட்டக்காரர்கள் சொல்லிவந்த ஒன்றைத் தானாகவே கண்டடைந்தது: நுழைவதானால் பந்தயத்தை உயர்த்தி நுழை, கட்டாயப் பணத்தில் சிறிய பங்கைக் கட்டியவரைத் தவிர வேறு எவரும் வெறுமனே ஈடுகட்டி நுழைவது நட்டம்.