யாழ்ப்பாணம் கண்ட பூரண கிரகணம்

1871ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாட் காலை யாழ்ப்பாணத்திலே சூரியன் முற்றாக மறைந்தது. அவ்வேளை சூரியனைச் சூழ்ந்து தோன்றும் வெள்ளொளி சூரியனுக்கே உரியதா, நமது வளிமண்டலத்தின் மாயமா என்பது அறிஞரிடையே ஐயமாயிருந்தது. அதனைத் தீர்க்க யாழ்ப்பாணத்திலும், ஏறக்குறைய 600 கிலோமீற்றருக்கு அப்பால் மலையாளக் கரையிலுள்ள பேக்கலிலும் ஆய்வாளர் காத்திருந்தனர். கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது உலருமுன் படமெடுத்துக் கழுவவேண்டிய காலம் அது; கிடைத்ததோ இரண்டு நிமிடமளவே. ஈரிடத்துப் படங்களிலும் அவ்வொளியின் அமைப்பு ஒத்திருந்தது. அது சூரியனுடையதே என்பது உறுதிபெற்றது.

நேயர்களே, வெறுங்கண்ணால் நோக்கத்தக்கது அந்தப் பூரண மறைவு மட்டுமே. ஒரு கீற்றுச் சூரியன் தெரியினும் கண்ணுக்கும் புகைப்படக் கருவிக்கும் தகுந்த வடிகட்டி வேண்டும். அஃதில்லாதார் சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, அட்டையின் ஊசித்துளைவழி காகிதத்தில் விழும் பிம்பத்தைக் கண்டு மகிழலாம்.